பரந்த உலகும் பெயரிடும் சொல்லும்

கணினி விளையாட்டுகளைக் கண்டித்து ஒரு ஞாயிறு மறையுரையில் நான் சற்றுக் கடுமையாகவே பேசினேன். கொல்லவும் கொள்ளையிடவும் கற்றுத்தரும் கருவியை நாமே காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைகளின் கையில் கொடுக்கிறோம் என்றேன். தாய்மார் பலர் தலையசைத்தனர். திருப்பலி முடிந்ததும் அவர்களுள் ஒருவர் தம் மகனைப் பங்கு இல்லத் திண்ணைக்கு அழைத்து வந்தார். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம், காயத்திற்குக் கட்டும் மருத்துவத் துணியை நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் வேலை செய்பவர் அவர். கணவர் நூற்பாலைத் தொழிலாளி. மகன் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். "சாமி, ராத்திரி பூரா முழிச்சிருந்து இதையே விளையாடுறான். நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்று சொல்லி, அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

"அதில் அப்படி என்னதான் இருக்கிறது, தம்பி?" என்று கேட்டேன். கண்டிப்பதற்கு முன்னுரையாகத்தான் கேட்டேன். அவன் சொன்ன விடை என்னை வாயடைக்கச் செய்தது.

"பாதர், நேத்து ராத்திரி நான் ஒரு முடிவெடுத்தேன். அநாதைப் பிள்ளைங்களக் காப்பாத்தணும்னு நெனச்சேன், காப்பாத்திட்டேன். ஆனா அதனால ஒரு அம்மா செத்துப்போயிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் தூக்குப் போட்டுக்கிட்டார். எனக்குத் தூக்கமே வரல."

இது ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று, திண்ணையில் கேட்டது. அவனுடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக மறையுரை ஆற்றி வருகிறேன். என் மறையுரையைக் கேட்டு ஒருவர் உறக்கம் இழந்ததாக நான் அறிந்ததில்லை, உறங்கியதைத்தான் கண்டிருக்கிறேன். ஒரு விளையாட்டு ஓர் இளைஞனின் மனச்சான்றை இப்படித் தட்டி எழுப்புமானால், நான் பீடத்தில் நின்று பேசியது முழு உண்மையாகுமா? இந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அகலமும் ஆழமும்

அவன் ஆடியது 'தி விட்சர் 3' என்னும் விளையாட்டு. போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் அதை 2015-இல் வெளியிட்டது. அந்நாட்டு எழுத்தாளர் அந்திரெய் சப்கோவ்ஸ்கியின் கதைகளிலிருந்து பிறந்தது. அது வயது வந்தோருக்கு உரியது. சிறுவர் காணத்தகாத காட்சிகள் அதில் உண்டு என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். இவ்வகையைத் திறந்த உலக விளையாட்டு என்பர். காடும் ஊரும் ஆறும் மலையுமாக ஒரு நாடே விரிந்து கிடக்கும். ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்று அதனுள் இறங்குகிறார். எத்திசையிலும் போகலாம், எவரிடமும் பேசலாம், உதவலாம், ஏமாற்றலாம், கொல்லவும் செய்யலாம்.

குருமடத்தில் இறையியல் பயின்றவனுக்கு இது பழகிய இடம். மனித சுதந்திரம் என்பது யாது? செல்வதற்குப் பல வழிகள் இருப்பதுதான் சுதந்திரமா? 2016-இல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்றொரு விளையாட்டு வெளிவந்தது. கணித விதிகளைக் கொண்டு கணினியே படைத்த கோள்கள் அதில் உள்ளன. அவற்றின் எண்ணிக்கையைச் சொல்ல, 18 என்று எழுதி அதன்பின் 18 சுழியங்கள் இட வேண்டும். ஆயினும் அது வெளிவந்த நாளில், எங்குச் சென்றாலும் சென்ற இடம் போலவே இருக்கிறது என்னும் மனக்குறை பரவலாக எழுந்தது. அதைச் செய்தவர்கள் பின்னர் பல ஆண்டுகள் உழைத்து வளப்படுத்தினார்கள் என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். அகலத்தைக் கணக்கால் உண்டாக்கிவிடலாம். ஆழம் அவ்வாறு வருவதன்று.

இதற்கு எதிர்ச்சான்று தேடி நான் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இராசபாளையத்திலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் திருவில்லிபுத்தூர்க் கோவிலின் பதினொரு நிலைக் கோபுரம் கண்ணில் படும். அவ்வூரில் வாழ்ந்த ஆண்டாள் தம் ஊரையே ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோவிலையே நந்தகோபன் இல்லமாகவும், தம்மையும் தோழியரையும் ஆயர் சிறுமியராகவும் பாவித்தார் என்பது வைணவ மரபு. அவர் இயற்றிய திருப்பாவை முப்பதே பாடல்கள். அவற்றுள் பத்துப் பாடல்கள் பத்து வீட்டு வாசல்களில் நின்று, உறங்கும் தோழியர் பதின்மரை எழுப்புகின்றன. ஒருத்தியைப் போல் மற்றொருத்தி இல்லை. ஒருத்தி செல்வச் செருக்கில் உறங்குகிறாள். ஒருத்தி சொன்ன சொல்லை மறந்து உறங்குகிறாள். ஒருத்தி உள்ளிருந்தே வாதாடுகிறாள். தெரு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஓர் ஆள் இருக்கிறார். எண்ணிலடங்காக் கோள்களைவிட அந்த ஒரு தெரு பெரிதாக இருப்பதன் மறைபொருள் இதுவே. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பின், அண்டை வீட்டு விளக்கின் ஒளியைப் போற்ற நாம் தயங்க வேண்டியதில்லை.

வேடமும் குரலும்

வேறொருவராக நின்று பேசுவதை நாம் எளிதில் ஐயுறுகிறோம். வேடம் என்றாலே பொய் என்று எண்ணிவிடுகிறோம். ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வாரோ யசோதையாக நின்று கண்ணனைத் தாலாட்டினார். வயது முதிர்ந்த ஓர் ஆண்மகன் தாயின் குரலை ஏற்றபோது அவருடைய பக்தி பொய்யாகிவிடவில்லை, விரிந்தது.

நம் திருச்சபைக்கும் இது புதிதன்று. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சேறிய தம் ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும் முறையைக் கற்பிக்கிறார். பெத்லகேமுக்குச் செல்லும் பாதை நீண்டதா குறுகியதா, குகை தாழ்ந்ததா உயர்ந்ததா என்று மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். அத்தோடு விடவில்லை. தியானிப்பவர் ஓர் ஏழைப் பணியாளாகத் தம்மைப் பாவித்து, அங்கே இருப்பவர்களுக்கு ஏவல் செய்யவும் அவர்கள் பேசுவதைச் செவிமடுக்கவும் வேண்டுகிறார். இடத்தைப் பார்ப்பது முதற்படி. அங்கே இருப்பவர்களின் சொல்லைக் கேட்பது அடுத்த படி. கேட்காதவர் வேடிக்கை பார்த்துத் திரும்புகிறார். கேட்டவரே மாறித் திரும்புகிறார்.

ஆகவே விளையாட்டில் நல்ல எழுத்துக்குரிய பணி யாது என்று கேட்டால், அழகிய உரையாடல்களால் அலங்கரிப்பது அன்று என்பேன். எதிரே நிற்கும் உருவத்தைக் கேட்கத்தக்க ஓர் ஆளாக ஆக்குவதே அதன் பணி. இதற்குப் பரந்த உலகம்கூடத் தேவையில்லை என்பதற்குத் தமிழரே ஒரு சான்று தந்துள்ளனர். கனடாவின் டொராண்டோ நகரில் தமிழர் உருவாக்கிய 'வெண்பா' என்னும் விளையாட்டு 2023-இல் வெளிவந்தது. 2024-இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசையும் பெற்றது. அதன் உலகம் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறை. தன் தாய் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபடிந்தும் போயிருக்க, அழிந்த வரிகளை ஊகித்து அவள் இட்லியும் புட்டும் சமைக்க வேண்டும். மகனோ தமிழை விட்டு விலகி வளர்கிறான். வாள் இல்லை, போர் இல்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் மௌனம் முழுவதும் அந்தச் சிறிய அடுக்களையில் கேட்கிறது.

நினைவில் வைக்கும் உலகம்

குரல் கேட்டபின் பொறுப்பு பிறக்கிறது. 1985-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் கேரியட் 'அல்டிமா' வரிசையின் நான்காம் விளையாட்டை வெளியிட்டார். முந்தைய விளையாட்டுகளில் ஆடியவர்கள் திருடியும் கொன்றும் வெற்றி பெற்றதைக் கண்டு அவர் சிந்தித்தார். புதிய விளையாட்டில் இறுதியாகக் கொல்லப்பட வேண்டிய கொடியவன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், துணிவு, நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், தாழ்ச்சி என்னும் எட்டு நற்பண்புகளில் வளர்வதே குறிக்கோள். அங்கே மூலிகை விற்கும் கண்பார்வையற்றவர்கள் உண்டு. வாங்கிய பொருளுக்கு உரிய காசைத் தராமல் குறைத்துப் போட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த உலகம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். வாய்மை என்னும் பண்பில் நீங்கள் சரிவீர்கள். உங்கள் நிலையை எடுத்துச்சொல்ல அரண்மனையில் ஒரு ஞானி இருக்கிறார். நாம் இரவில் செய்ய வேண்டிய ஆன்ம சோதனையை ஒரு விளையாட்டு தன் அமைப்புக்குள்ளேயே வைத்தது வியப்புக்குரியது.

அந்த இளைஞனை உறங்கவிடாத கதைக்கு இப்போது வருகிறேன். அதில் ஒரு சிற்றரசன் வருகிறான். குடிகாரன், போதையில் மனைவி ஆன்னாவை அடிப்பவன். அவளுடைய கரு கலைந்துபோகிறது. குழந்தைக்குப் பெயரிடாமல், சடங்கு ஏதுமின்றிப் புதைத்துவிடுகிறார்கள். பெயர் பெறாத அக்குழந்தை கோர உருவாக எழுந்து வருகிறது. ஆடுகிறவர் முன் இரு வழிகள் உள்ளன: அதை வாளால் வெட்டிச் சாய்க்கலாம், அல்லது தந்தையே அதைக் கைகளில் ஏந்தி, தன் மகளென்று ஏற்று, பெயரிட்டு, வீட்டு வாசற்படியில் அடக்கம் செய்யச் செய்யலாம். இரண்டாம் வழியில், அச்சத்தில் நடுங்கியபடி அந்தக் குடிகாரன் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான்.

இதைக் கேட்டபோது நான் திருமுழுக்குச் சடங்கை நினைத்தேன். குழந்தையை வாசலில் வரவேற்கும்போது திருச்சபை பெற்றோரிடம் முதலில் கேட்பது அதன் பெயரைத்தான். உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி நின்ற மரியா, தம் பெயரால் அழைக்கப்பட்டபோதே அவரை அறிந்துகொண்டார். பெயரில்லாதது அச்சுறுத்துகிறது, அல்லது எளிதில் வெட்டத்தக்கதாகிறது. விளையாட்டுகளில் நூற்றுக்கணக்கில் வெட்டுண்டு விழும் உருவங்களுக்குப் பெயர் இருப்பதில்லை. நாட்டுக் கலவரங்களில் நூற்றுக்கணக்கில் சாகிறவர்களுக்கும், கொல்பவர்களின் நாவில், சாதிப்பெயரோ சமயப்பெயரோதான் உண்டு. சொந்தப் பெயர் இல்லை. ஆகவே ஒரு விளையாட்டில் வாள் இருக்கிறதா என்று மட்டும் கேட்பது அரைகுறை வினா. வாளுக்கு எதிரே நிற்பவருக்குப் பெயர் இருக்கிறதா என்பதே முழு வினா.

அகுஸ்தினாரின் கண்ணீர்

இத்தனையும் சொன்னபின் என் மனச்சான்றே ஒரு தடையை எழுப்புகிறது. புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல்கள் நூலின் முதற்பகுதியில் தம் பள்ளிப் பருவத்தை நினைந்து வருந்துகிறார். காதலுக்காக உயிர்விட்ட தீதோ என்னும் காவியத் தலைவிக்காகத் தாம் அழுததையும், இறைவனைப் பிரிந்து தம் ஆன்மா மடிவதற்காக ஒரு துளிக் கண்ணீரும் விடாததையும் அவர் எடுத்துரைக்கிறார். கற்பனை மாந்தருக்காக அழுவது, உண்மை மாந்தருக்காக அழாதிருக்க ஒரு சாக்காகிவிடக்கூடும். இரவெல்லாம் ஆன்னாவுக்காக விழித்திருந்த மகன், தறிக்கூடத்திலிருந்து கைகள் ஓய்ந்து திரும்பும் தன் தாய்க்கு ஒரு குவளை நீர் மொண்டு கொடுத்தானா? கொடுக்கவில்லையெனில் அந்தக் கண்ணீரின் விலை என்ன?

இன்னொரு தடையும் உண்டு. விளையாட்டில் பின்னோக்கிச் செல்லலாம். ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைத்து, முடிவு பிடிக்காவிடில் அவ்விடத்திலிருந்து மீண்டும் ஆடலாம். அந்த இளைஞனும் அவ்வாறே செய்தான். மறுமுறை வேறு முடிவெடுத்தான், ஆன்னா உயிர் பிழைத்தாள், ஆனால் சித்தம் கலங்கிப்போனாள், குழந்தைகள் மாண்டுபோயினர். வாழ்க்கையில் அந்த வசதி நமக்கு இல்லை. அடித்த கை அடித்ததுதான். சொன்ன சொல் சொன்னதுதான். ஒப்புரவு அருட்சாதனத்தையே சிலர் இத்தகைய வசதியாக எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. மன்னிப்பு நேற்றைய நாளை அழிப்பதில்லை. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களோடுதான் சீடர்முன் நின்றார். காயம் மறையவில்லை, அக்காயத்தோடு வாழ்வு மீண்டும் தொடங்கியது. பின்னோக்கிச் செல்வது விளையாட்டு. காயத்தோடு முன்னோக்கிச் செல்வதே மீட்பு. எத்துணைச் சிறந்த எழுத்தும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

அதற்காக விளையாட்டை வெறுக்க வேண்டுமா? புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், விளையாட்டிலும் நற்பண்பு உண்டா என்று ஒரு வினாவையே எழுப்பி, உண்டு என்று விடை தருகிறார். ஓயாது நாணேற்றி வளைத்த வில் முறிந்துவிடுவதுபோல, ஓய்வற்ற மனமும் முறியும் என்று திருத்தூதர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை அவர் எடுத்தாள்கிறார். அளவு மீறிய விளையாட்டைக் கண்டிக்கும் அவரே, தாமும் மகிழாது பிறர் மகிழ்ச்சிக்கும் இடையூறாக இருப்பவரையும் குறைகூறுகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இளமையில் இயேசு சபைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர். 2024 ஜூலை 17 என நாளிட்ட கடிதமொன்றில், குருக்கள் மட்டுமன்றிக் கிறிஸ்தவர் அனைவரும் கதையும் கவிதையும் படிக்க வேண்டுமென அவர் வலியுறுத்தினார். ஒலி-ஒளி ஊடகங்களைவிட நூல்கள் வாசகரிடம் அதிகப் பங்கேற்பைக் கேட்கின்றன என்பது அவர் காட்டும் வேறுபாடு. அந்த அளவுகோலைக் கொண்டே இவ்விளையாட்டுகளையும் அளக்கலாம். விரலை மட்டும் கேட்கும் விளையாட்டு உண்டு. உள்ளத்தையும் கேட்கும் விளையாட்டு உண்டு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி நான் பீடத்திலிருந்து எறிந்தது பிழை.

நாத்தானின் சொல்

தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் சாகச் செய்தபின், இறைவாக்கினர் நாத்தான் அவரிடம் வந்தார். குற்றப் பட்டியலை வாசிக்கவில்லை. ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவன் மகளைப்போல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதை. தாவீது அக்கதைக்குள் இறங்கினார்; சினந்தார்; நீதிபதியாக அமர்ந்து தீர்ப்பும் சொன்னார். அதன்பின்னரே, அந்த மனிதர் நீர்தாம் என்று நாத்தான் சுட்டினார். கதை இல்லாமல் சுட்டியிருந்தால் தாவீது செவியை மூடியிருப்பார். சுட்டாமல் கதையோடு நின்றிருந்தால், நல்ல கதை என்று பாராட்டி உறங்கப் போயிருப்பார். அகுஸ்தினாரின் தடைக்கு விடை இங்கே இருக்கிறது. கதை பாதி வேலையைச் செய்கிறது. மறுபாதியைச் செய்ய, கதைக்கு வெளியே அன்புள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

"அந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடித்தது?" என்று அவனிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்தான். "அந்தச் சிற்றரசனோட மக தமரா, பாதர். அப்பாவோட அடி தாங்காம வீட்ட விட்டுப் போயிடுவா. நானும் படிப்பு முடிஞ்சதும் திரும்பிப் பாக்காம போயிடணும்னுதான் இருந்தேன்" என்றான். பிறகு, "அந்த ஆளு தன் கதையச் சொல்றப்போ கேட்டேன். மன்னிக்க முடியல. ஆனா அவரும் ஒரு ஆளுன்னு தெரிஞ்சுச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் வீட்டுச் செய்தி பங்கில் பலருக்கும் தெரிந்ததே. எனக்கும் தெரியும்.

நான் நாத்தானாக அங்கே அமரவில்லை என்பதை அப்போது உணர்ந்தேன். கதை சுட்டிய ஆள் அவன் மட்டும் அல்லன். அவனுடைய தாய் பல ஆண்டுகளுக்கு முன் கன்றிய முகத்தோடு என்னைப் போன்ற ஒரு பங்குக் குருவிடம்தான் வந்திருப்பார். பொறுத்துப்போ அம்மா, செபம் செய் என்றுதான் கேட்டிருப்பார். அந்த அறிவுரையை நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அடிபடுகிறவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டு அடிக்கிறவரிடம் ஒரு சொல்லும் பேசாதிருப்பது சிலுவையின் போதனை ஆகாது.

அந்த வாரமே அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். முதலில் அந்தத் தாயிடம் தனியே பேசினேன்; அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, இல்லையெனில் எங்கே செல்லக்கூடும் என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். அதன்பின் வாசற்படியில் அமர்ந்திருந்த கணவரிடம் சென்றேன். அவர் பெயர் எங்கள் பங்குப் பதிவேட்டில் இருக்கிறது. திருமுழுக்கில் இடப்பட்ட பெயர். ஆனால் இத்தனை நாளும் என் மனத்தில் அவர் 'அந்தக் குடிகாரர்' என்றே இருந்தார். முதன்முறையாக அவரைப் பெயர் சொல்லி அழைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அதன்பின் நடந்தவற்றை எழுத எனக்கு உரிமையில்லை. அது இன்னும் முடியாத கதை. மறு ஞாயிறு மறையுரையில் என் பழைய பேச்சைத் திருத்திக்கொண்டேன். பெற்றோரிடம் ஒன்றை மட்டும் வேண்டினேன். வயதுக்கு ஒவ்வாததை உறுதியோடு தடுங்கள். நேரத்திற்கு வரம்பு கட்டுங்கள். அத்தோடு நின்றுவிடாமல், ஒருநாள் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இதில் வருகிறவர் யார்? அவர் பெயர் என்ன? அவருக்கு நீ என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். விடை சொல்லும்போது பிள்ளை தன்னைப் பற்றியே பேசத் தொடங்கக்கூடும். அப்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.